அக்கா வாய் திறந்து ஜெபிக்காத பதினோரு வருடம்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. நினைவு மலர் ஒன்று அச்சடிக்க வேண்டும் என்று அக்காவின் மகனும் மகளும் தீர்மானித்தபோது, கட்டுரையை யார் எழுதுவது என்ற பேச்சு வந்தது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். "எனக்கு ஒரு லெட்டர் எழுதவே நாலு தாளைக் கிழிச்சுப் போடணும். என்னையப் போய் எழுதச் சொல்லுதிகளே" என்றேன். அத்தான் விடவில்லை. "மத்தவங்க எல்லாரும் புகழ்ந்துட்டு நிப்பாட்டிருவாக. நீ அவகூடச் சண்டை போட்டவ. நீயே எழுது" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தார்கள். எங்கள் அப்பா அங்கே கோர்ட்டில் டவாலியாக இருந்தார்கள். கட்சிக்காரர் பெயரை மூன்று தரம் கூப்பிடுகிற வேலை. அப்பா வராந்தாவில் நின்று கூப்பிட்டால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பவர் கிளாசை வைத்துவிட்டு ஓடி வருவார். அந்தக் குரல் அப்படியே அக்காவுக்கு வந்திருந்தது. எனக்கு அம்மாவின் கீச்சுக்குரல்தான் கிடைத்தது. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் ஒப்பிக்க அக்கா எழுந்து நின்றால், பின்பெஞ்சில் தூங்குகிற பெரியவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

அம்மா எங்களை விட்டுப் போனபோது அக்காவுக்குப் பதினாலு வயது, எனக்குப் பதினொன்று. அக்கா படிப்பை நிறுத்தினார்கள். காலையில் உலை வைத்து, அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து, எனக்குத் தலை பின்னிவிட்டு, மத்தியானம் தையல் வகுப்புக்குப் போவார்கள். ஒருநாளும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை என்று எழுதினால் அது பொய். சுளிப்பார்கள், என் தலையில் நறுக்கென்று குட்டுவார்கள், ஆனாலும் சோறு முதலில் என் தட்டில்தான் விழும்.

பிறகு ராஜபாளையத்தில் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். அத்தான் ஒரு நூல் மில்லில் மெஷின்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டர். ஆறு வீடுகள் உள்ள காம்பவுண்டில் மூன்றாவது வீடு. முன்னறை ஒன்று, அடுப்படி ஒன்று, அவ்வளவுதான். முன்னறை ஜன்னல் ஓரத்தில் அக்காவின் தையல் மெஷின். எதிர்வீட்டில் நூலும் பட்டனும் விற்கிற கடைக்காரர் குடும்பம் இருந்தது. அவர் மனைவி ஜைனம்பு அக்காவுக்கு ஊக்கும் நூல்கண்டும் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார்கள். வந்தால் ஒரு மணி நேரம் பேசாமல் போகமாட்டார்கள்.

ராஜபாளையம் சபையில் அக்காவின் ஜெபம் சீக்கிரமே பேர் வாங்கிவிட்டது. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அக்காவைத்தான் ஜெபிக்கச் சொல்வார்கள். புது வீட்டுப் பிரதிஷ்டை, பிள்ளைக்குப் பேர் வைப்பது, மகன் பரீட்சைக்குப் போவது, புது மாடு வாங்குவது, எல்லாவற்றுக்கும். கல்யாண வீடு ஒன்றில் காலைப் பந்திக்கு முன்னால் அக்கா ஜெபிக்கத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், சமையல்காரர்கள், தேசத்தை ஆளுகிறவர்கள் என்று ஒவ்வொருவராகப் போய் முடிப்பதற்குள் இலையிலிருந்த பொங்கல் ஆடை கட்டிவிட்டது. "பொங்கலும் நெய்யும் சமாதானமா ஒட்டிக்கிடுச்சு, ஜெபத்தோட பலன்" என்று அத்தான் பந்தியில் சொல்லி எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. "இன்னாருடைய தங்கச்சி" என்று என்னைக் காட்டிச் சொல்லும்போது என் தலை தானாக நிமிரும்.

எண்பதுகளின் நடுவில் அந்தச் சோதனை வந்தது. அத்தான் சைக்கிளில் மில்லுக்குப் போகும்போது ஒரு டெம்போ இடித்து விழுந்தார்கள். வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காயம் சீழ் வைத்துவிட்டது. மறுநாள் காலை ஆபரேஷன், காலைக் காப்பாற்றப் பார்ப்போம், முடியாவிட்டால் எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிப் போனார்.

அன்று மத்தியானம் நான் கீழே போய் பிளாஸ்கில் வெந்நீர் வாங்கிக்கொண்டு வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால்படியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியிலேயே நின்றுவிட்டேன்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே, இந்த மத்தியான வேளையிலே, இந்த இல்லத்திலே கூடி வந்திருக்கிற உம்முடைய பிள்ளைகளாகிய எங்கள் ஒவ்வொருவரையும் கண்ணோக்கிப் பாரும். இந்த வீட்டாரையும் அவர்கள் கையின் பிரயாசங்களையும் ஆசீர்வதியும்..."

அத்தான் கண்ணைத் திறந்தார்கள்.

"ஏட்டி, இது எந்த வீடு? யாரு கூடி வந்திருக்கா? நீயும் நானும்தான இருக்கோம். விட்டா காபி போட்டுக் குடுத்தவங்களையும் சேர்த்து ஆசீர்வதிச்சிருவ போலுக்கே."

அத்தான் வேடிக்கைக்குத்தான் சொன்னார்கள். வலியிலும் அவர்களுக்கு அந்தக் குணம் போகாது. ஆனால் அக்காவின் ஜெபம் அப்படியே நின்றுபோனது. "எனக்கு வேற வரலைங்க. வாயத் திறந்தா அதுதான் வருது. உங்களுக்குன்னு சொல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை இல்லையே" என்று சொல்லி அழுதார்கள். அக்கா அப்படி அழுது நான் அம்மாவின் சாவில்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். கையப் பிடிச்சிட்டு இரு" என்றார்கள் அத்தான்.

கர்த்தருடைய கிருபையால் அத்தானின் கால் தப்பியது. ஒரு இஞ்சு குட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். மில்லில் உட்கார்ந்து பார்க்கிற ஸ்டோர் வேலை கொடுத்தார்கள். அதுவரை அத்தான் வேலைக்குப் போக முடியாமல் கிடந்த ஏழு மாதமும் அக்காவின் மெஷின்தான் வீட்டை ஓட்டியது.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா ஒரு தீர்மானம் எடுத்தார்கள். தனியாக ஆண்டவரிடம் பேசப் படிக்கிற வரைக்கும் நாலு பேர் முன்னால் ஜெபிப்பதில்லை. இதை யாரிடமும் விளக்கிச் சொல்லவும் இல்லை. செவ்வாய்க்கிழமை பெண்கள் கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னபோது, "வேற யாராச்சும் ஜெபிக்கட்டும்" என்றார்கள். அடுத்த வாரமும் அதே பதில். கூட்டத்தில் பேச்சு எழும்பியது. பெருமை வந்துவிட்டது என்றார்கள் சிலர். பின்மாற்றம், விசுவாசம் குன்றிவிட்டது என்றார்கள் சிலர். சபைப் போதகரான ஐயரின் மனைவி, ஐயரம்மா, வீடு தேடி வந்து, "சபைக்கு உன் ஜெபம் வேணும்மா" என்று கேட்டார்கள். "எனக்கே இல்லாததை எங்கேயிருந்தும்மா குடுக்க?" என்று அக்கா திருப்பிக் கேட்டார்கள். ஐயரம்மா நல்ல மனுஷி, அக்காவின் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பழக்கம் சுலபத்தில் வரவில்லை என்று அக்கா பின்னால் என்னிடம் சொன்னார்கள். முதலில் விடியற்காலை நாலு மணிக்கு எழும்பிப் பார்த்தார்கள். பெரிய பரிசுத்தவான்கள் எல்லாரும் அப்படித்தான் செய்ததாகப் பிரசங்கத்தில் கேட்டது. ராத்திரி பத்து மணி வரை தைத்துவிட்டுப் படுக்கிற உடம்பு, தைக்கிற துணியிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடும். ஒருநாள் கன்னத்தில் ஜரிகைத் தடம் பதிந்து எழும்பியதைப் பார்த்து, "தூதன் வந்து முத்தம் கொடுத்துட்டுப் போயிருக்கான்" என்றார்களாம் அத்தான். பிறகு அரைமணி நேரம் என்று கடிகாரத்தை முன்னால் வைத்துப் பார்த்தார்கள். முழு அரைமணியும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம்.

கடைசியில் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டார்கள். காலை ஏழு மணிக்கு மில் சங்கு ஊதும். அத்தானும் பிள்ளைகளும் போன பிறகு, மெஷின் ஸ்டூலைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போடுவார்கள். மெஷினைப் பார்த்து உட்கார்ந்தால் கை தானாகத் துணிக்குப் போய்விடும் என்பதால். ஒரு நாளைக்கு ஒரு காரியம்தான். சத்தம் வெளியே வராது. வேத வார்த்தைகளைக் கோத்துப் பேசாமல், அடுப்படியில் பேசுகிற பேச்சிலேயே பேசுவது.

அந்தப் பத்து நிமிடத்திலும் மனம் ஓடும் அல்லவா? அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார்கள். துணியில் அளவு குறிக்கிற சாக்குக்கட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வார்கள். "பருப்பு ஊறப் போடணும்" என்று நினைப்பு வந்தால் சிமெண்டுத் தரையில் 'பருப்பு' என்று எழுதிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்புவார்கள். 'ஊக்கு' என்று எழுதுவார்கள். 'கரண்டு பில்' என்று எழுதுவார்கள். முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழும்புவார்கள்.

ஜைனம்பு அம்மாவுக்கு இது தெரிந்துவிட்டது. ஏழு மணிக்குத் தன் வீட்டு வாசலைப் பெருக்கிவிட்டு விளக்குமாறோடு அக்காவின் வாசலில் வந்து நிற்பார்கள். ஜாக்கெட் கேட்டு யாராவது வந்தால், "அக்கா சாமிகிட்டப் பேசிக்கிட்டிருக்காக. பொறவு வா" என்று அனுப்பிவிடுவார்கள். அக்கா இதைக் கேட்கவே இல்லை. அவர்களாகவே செய்தார்கள்.

இனி என் காரியத்தை எழுத வேண்டும்.

அத்தானுக்கு அடிபட்ட மறுவருடம் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டோம். பிரதிஷ்டைக்குச் சொந்தக்காரர், தெருக்காரர் எல்லாரையும் கூப்பிட்டேன். "எங்க அக்கா வந்து ஜெபிப்பாக, நீங்க கேட்டுப் பாருங்க" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் செய்யாமல் இருப்பார்களா என்ற நினைப்பு. ஐயர் பிரதிஷ்டையை முடித்ததும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா, ஜெபம் பண்ணு" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார்கள். "என்னால ஏலாதுட்டி. ஐயர் ஜெபிச்சது போதும்" என்றார்கள்.

வந்தவர்கள் சாப்பிட்டுப் போகும் வரை பொறுத்திருந்து, அடுப்படியில் வைத்து அக்காவைப் பிடித்தேன். "ஊரான் வீட்டு மாட்டுக்கெல்லாம் ஜெபம் பண்ணின. கூடப்பிறந்தவ வீடு கட்டினா வாய் அடைச்சுக்கிடுமோ? வயித்தெரிச்சல்னு நேராச் சொல்லு" என்றேன். அந்த வார்த்தையை நான் சொன்னேன். வளர்த்த அக்காவைப் பார்த்துச் சொன்னேன். அக்கா கையைக் கழுவிவிட்டு, அத்தானைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

நாலு மாதம் பேச்சில்லை. அரைமணி நேர பஸ்தான். நானும் போகவில்லை, அக்காவும் வரவில்லை. என் மகளுக்கு, முதல் நற்கருணைக்கு முன்னால் நடக்கிற திடப்படுத்தல் ஆராதனை வந்தது. அந்த ஆராதனைக்குச் சபையில் வசதியில்லாத பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளை உடுப்புத் தைத்துக் கொடுப்பது அக்காதான். வேறு தையல்காரரிடம் துணியைக் கொடுக்க என் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. "போ. போய் அவுக காலடியில துணியை வையி" என்று விரட்டினார்கள். முதல் பஸ்ஸில் போனேன்.

காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது மணி ஏழு கடந்திருந்தது. வாசலில் விளக்குமாறோடு நின்ற ஜைனம்பு அம்மா என்னைக் கண்டதும் வழியை விட்டார்கள். உள்ளே அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். உதடு மட்டும் அசைந்தது. தரையில் பார்த்தேன். 'ஊக்கு' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே 'தங்கச்சி'. அதற்குக் கீழே 'தங்கச்சி'. திரும்பவும் 'தங்கச்சி'. ஆறோ ஏழோ தரம் எழுதியிருந்தது.

நான் விம்மிய சத்தத்தில் அக்கா திரும்பினார்கள்.

"வந்துட்டியா? நாலு மாசமா ஒன்னைய எழுதி எழுதித் துடைக்கேன். போகமாட்டேங்குதியே. இன்னைக்குத்தான் உறைக்குது, துடைக்க வேண்டிய பேரு இல்ல, பேச வேண்டிய பேருன்னு. இப்பத்தான் ஒன்னையப் பத்திப் பேச ஆரம்பிச்சேன், அதுக்குள்ள வந்து நிக்க."

"என்ன பேசின?"

"அவ மேல எனக்கு எம்புட்டுக் கோவம்னு மொத அதைத்தான் சொன்னேன். மன்னிக்கிறதெல்லாம் பொறவு."

இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தது எல்லாவற்றையும் அக்கா என்னிடம் சொன்னார்கள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டவள் என்பதை நானும் சொன்னேன். கேட்டிருந்தும் புரியாமல், ஊரார் முன்னால் அதே ஜெபத்தை அவர்களிடம் கேட்டவள் நான். அன்று மத்தியானம், நான் கொண்டுபோன பழைய உடுப்பை வைத்து என் மகளின் உடுப்புக்கு அளவு போட்டாயிற்று.

அதற்குப் பிறகும் அக்கா பெரிய விசுவாச வீராங்கனை ஆகிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். "இன்னைக்குப் பத்து நிமிஷத்துல ஒம்பது நிமிஷம் சந்தையில நின்னேன்" என்று சொல்லுகிற நாட்கள் கடைசிவரை இருந்தன. ஆனால் ஒரு காலையும் விட்டதில்லை. அக்காவிடம் ஒரு மாற்றம் வந்தது. யாராவது வந்து கஷ்டத்தைச் சொன்னால் முன்னெல்லாம் உடனே கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்குவார்கள். இப்போது முழுவதும் கேட்டார்கள். காலையில் அந்த ஒரு ஆளுக்காக மட்டும் உட்கார்ந்தார்கள். அது அந்த ஆளுக்குத் தெரியவும் தெரியாது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்தும் பயனில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கடைசி இரண்டு மாதம் நான் கூடவே இருந்தேன். வலி வந்தால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். ஒருநாள் காலை, "இப்பப் பத்து நிமிஷம் ஏலலட்டி. 'ஆண்டவரே, வலிக்கு'ன்னு மட்டும் சொல்லிட்டுக் கிடக்கேன். மீதி அவருக்குத் தெரியாதா என்ன?" என்றார்கள்.

கடைசி வாரத்தில் ஒருநாள் காலை பதினோரு மணி இருக்கும். ஜைனம்பு அம்மா முக்காடு சரிந்தது தெரியாமல் ஓடி வந்தார்கள். அவர்கள் மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். "பிள்ளை குறுக்கால கிடக்காம்க்கா. தாய்க்கும் சொல்ல முடியாதுங்காக" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா அவர்கள் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்கள். கண் மூடியிருந்தது, உதடு அசைந்தது.

ஜைனம்பு அம்மா தலையை ஆட்டினார்கள். "இல்லக்கா. இம்புட்டு வருஷமா நான் வாசல்ல நின்னேன். ஒரு நாளும் காது குடுத்ததில்ல. இன்னைக்கு எனக்குக் கேக்குற மாதிரிப் பேசுங்க."

அக்கா கண்ணைத் திறந்து அவர்களைப் பார்த்தார்கள். பிறகு வாய் திறந்தார்கள். அந்தப் பழைய குரல் இல்லை. நூல் மாதிரி மெலிந்திருந்தது.

"ஆண்டவரே, இது ஜைனம்பு. இவ மக ஆஸ்பத்திரியில கிடக்கா. இவளுக்குப் பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. அந்தப் பிள்ளையையும் தாயையும் வீட்டுக்கு அனுப்பும். நான் உம்மகிட்ட வாரதுக்கு முன்னால எனக்கு அந்தச் சேதியைக் கேக்கத் தாரும். ஆமென்."

அவ்வளவுதான். பதினோரு வருடத்துக்குப் பிறகு அக்காவின் ஜெபத்தை நான் காதால் கேட்டது அன்றுதான். அத்தான் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வெளியே போய்விட்டார்கள். ஜைனம்பு அம்மா எழுந்து, "போதும்க்கா, நான் போறேன்" என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம் என்ற சேதி சாயங்காலம் வந்தது. அக்கா கேட்டார்கள், சிரித்தார்கள். நாலாவது நாள் காலை, பிள்ளைகள் இருவரும் நானும் அத்தானும் சுற்றி இருக்க, மூச்சு மெல்ல அடங்கியது.

அக்காவைக் கனிவோடு கவனித்த டாக்டருக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், கடைசி நற்கருணை கொடுத்த ஐயருக்கும், தினம் ஒரு வீடு என்று முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த சபைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பின்மாற்றம் என்று அன்று பேசியவர்களும் அந்த முறையில் இருந்தார்கள். அவர்களுக்கும் நன்றி. அடக்கம் செய்த நாளில் கடையை அடைத்துவிட்டு, வந்த கூட்டத்துக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த ஜைனம்பு அம்மா வீட்டாருக்கு எந்த வார்த்தையால் நன்றி சொல்ல? ஒரு இஞ்சு குட்டையான காலோடு இரண்டு மாதம் கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடந்த அத்தானுக்கு ஆண்டவர் சுகம் தருவாராக.

நினைவு ஆராதனையில் குடும்பத்தின் சார்பாக நான் ஜெபிக்க வேண்டும் என்று ஐயர் கேட்டிருக்கிறார்கள். கீச்சுக்குரல்தான், ஆனாலும் சரி என்று சொல்லியிருக்கிறேன். நீளமாக இருக்காது, யாரும் பயப்பட வேண்டாம். இன்று காலை தனியே உட்கார்ந்து ஆண்டவரிடம் சொன்னதையே அங்கேயும் சொல்லுவேன்:

ஆண்டவரே, எங்களுக்கு அக்காவைக் குடுத்தீர், ஸ்தோத்திரம். அவங்க உம்மகிட்ட நல்லா இருப்பாங்கன்னு தெரியும். ஆனாலும் எனக்கு அக்காவைத் தேடுது.